ஆளுக்கு ஒரு கல்

என் அண்ணனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தின் சிறப்பு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கம்மா. பழைய கதையெல்லாம் வேண்டாம்" என்று பள்ளியை நடத்துகிற தாளாளர் ஆள் அனுப்பிச் சொன்னார். அப்போது என் தையல் கடையில் சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. எழுத நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது, ஆத்திரமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. இது மலரில் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் போகட்டும்.

என் அண்ணன் ஹாக்கியில் நாட்டுக்காக ஆடியவர். அதற்கப்புறம் வாழ்நாள் பூராவும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கல்லு வாத்தியார். அந்த மனுஷன் யாரிடமும் வேலை உயர்வு கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. பிள்ளைகள் ஓடுகிற மைதானத்தில் ஒரு கல் கூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்டார். அதைக் கூடக் கொடுக்க இவர்களுக்கு மனசு வரவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் அப்பாவுக்கு மர அறுவைப் பட்டறையில் வேலை. அறுத்து மிஞ்சிய கட்டைகளைச் செதுக்கித்தான் அண்ணன் முதல் மட்டையைச் செய்துகொண்டார். எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம். ஒரு கையால் என் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையில் மட்டையை வைத்துப் பந்தை உருட்டிக்கொண்டிருப்பாராம். பந்து தொட்டிலுக்கடியில் போனால் பந்தை எடுக்கத்தான் முதலில் குனிவார், நான் அழுதால் அப்புறம்தான் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காலத்தில் நாட்டுக்காக ஆடினால் ஏதோ ராஜ மரியாதை என்று நினைக்காதீர்கள். மண்ணாங்கட்டி! ஆட்டக்காரர்கள் எல்லோரும் எங்கேயோ ஒரு வேலை பார்த்துக்கொண்டு, லீவு கேட்டுக் கெஞ்சிக்கொண்டு ஆடியவர்கள். அண்ணன் அப்போதே பள்ளியில் தற்காலிக வாத்தியார். ஹாக்கிச் சங்கம் சட்டை கொடுக்கும், அதில் எண் இருக்காது. வீட்டில் தைத்துக்கொண்டு வா என்பார்கள். கிழிந்துபோன குடையின் கறுப்புத் துணியை வெட்டி அண்ணன் முதுகில் மூன்று என்ற எண்ணைத் தைத்தது நான்தான். அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற பெண். முதல் ஆட்டத்திலேயே அடைமழை. மற்றவர்கள் எண்ணெல்லாம் சாயம் போய் வழிந்ததாம், எங்கள் குடைத்துணி மட்டும் அப்படியே நின்றதாம். "உன் தையலைத்தான் எல்லாரும் பாத்தாங்க" என்று அண்ணன் வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹாக்கியில் ஷார்ட் கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரணியில் ஒருவர் பந்தைத் தள்ளுவார், ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் முழு பலத்தையும் சேர்த்துக் கோலைப் பார்த்து அடிப்பார். கோல் கோட்டில் நிற்கிறவர்களில் ஒருவர், பந்தைத் தள்ளிய மாத்திரத்தில், அடிக்கப் போகிறவரை நோக்கி நேராக ஓட வேண்டும். முதல் ஓட்டக்காரர் என்பார்கள். புத்தியுள்ளவன் பந்து வருகிற வழியை விட்டு ஓடுவான். இவர் பந்தைப் பார்த்து ஓட வேண்டும். முழங்காலில் வாங்குவார், விலாவில் வாங்குவார். என் அண்ணன் அந்த வேலையைத்தான் செய்தார்.

"ஏண்ணா, அடி வாங்கறதுக்குன்னே பொறந்தியா? அணியில வேற ஆளே இல்லையா?" என்று மருந்து தடவும்போது கேட்பேன்.

"யாராவது ஓடணும்ல?" என்பார். வாழ்க்கையில் எதைக் கேட்டாலும் அவருக்கு அது ஒன்றுதான் பதில்.

இனி கோட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். வெயிலோ மழையோ கோட்டைக் கழற்றாத ஒருவர் அப்போது ஹாக்கிச் சங்கத்தின் செயலாளர். நாங்கள் வீட்டில் அவருக்கு வைத்த பெயர்தான் கோட்டுக்காரர். ஒரு பெரிய போட்டிக்காக அணி வெளிநாடு கிளம்ப இருந்தது. அதற்கு முன்னால் பயிற்சி முகாம். முகாம் நடக்க வேண்டிய மைதானத்தை அதற்கு முந்தின வாரம் ஏதோ பொருட்காட்சிக்கு விட்டிருந்தார்கள். வண்டிகள் சேற்றில் மாட்டாமல் இருக்க ஜல்லி கொட்டி, முடிந்ததும் அள்ளினார்கள். அள்ளின லட்சணம் தெரியாதா? மேலாகப் பெருக்கிவிட்டு, "மைதானம் தயார், ஆடுங்க" என்று சொன்னவர் கோட்டுக்காரர்.

ஷார்ட் கார்னர் பயிற்சி. பந்து தரையோடு வந்தது. தரையோடு வருகிற பந்துக்கு மட்டையைத் தாழ்த்திக் குனிந்துதான் ஓட வேண்டும், அண்ணனும் அப்படித்தான் ஓடினார். நடுவில் ஒரே ஒரு ஜல்லிக் கல். பந்து அதில் பட்டு முகத்துக்கு எகிறியது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கோட்டுக்காரர் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு ஆளாகவே மதிக்காமல் பேசினார்.

"தம்பி, மைதானத்தில நடந்துச்சுன்னு வெளியே போச்சுன்னா விசாரணை அது இதுன்னு வந்துடும். முகாமையே மூடிடுவாங்க. மத்த பசங்க பயணமும் போயிடும். வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா. உன்னை நான் கவனிச்சுக்கறேன்."

பாதி முகத்தில் கட்டோடு படுத்துக் கிடந்த என் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "சரிங்க சார். பசங்க போகட்டும்" என்றார். எனக்கு அந்த ஆரஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஆள் மேலே வீசலாம் போலிருந்தது. கவனித்துக்கொள்கிறேன் என்றவர் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பேப்பரில் வந்தது. ஊர் சும்மா இருக்குமா? "ஏத்திக்கிட்டு விழுந்தாரா?" என்று கடைத்தெருவில் கேட்டுக் கண்ணடித்தார்கள். ஒரு சொட்டு தொட்டறியாத மனுஷன்! நிச்சயமாகியிருந்த பெண் வீட்டிலும் அதைத்தான் நம்பினார்கள், கல்யாணம் நின்றது. "இப்பவாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லேண்ணா" என்று அழுதேன். "சொல்லிட்டா, பொய்யை வச்சுத்தான் அணி போச்சுன்னு பேச்சு வரும், பசங்க ஜெயிச்சுட்டு வந்ததும் பொய்யாப் போயிடும். விடும்மா" என்றார். அதற்கப்புறம் அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை, எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருந்துவிட்டார். அவருக்குக் கோபம் என்பதே வராது. அவருக்கு வர வேண்டியதையும் சேர்த்து எனக்கு வந்தது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார், பாவம், இரண்டு பேர் கோபத்தையும் தாங்கினவர் அவர்தான்.

கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டு அண்ணன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். இடது பக்கம் வாத்தியாருக்குத் தெரியாது என்று வால் பசங்களெல்லாம் இடது வரிசையில் இடம் பிடித்தார்கள். கரும்பலகையில் ஆறு, மலை எல்லாம் வரைந்துகொண்டே, திரும்பாமல், "மூணாவது பெஞ்சு, மென்னு முழுங்கிட்டுப் பாடத்தைப் பாரு" என்பார். காது அவ்வளவு கூர்மை. ஒரு பருவம் முடிவதற்குள் இடது வரிசை காலியாகிவிட்டது.

ஆனால் அவர் உயிர் இருந்தது மைதானத்தில். அவர் சேர்ந்தபோது அது மைதானமா? கட்டடம் கட்டி மிஞ்சின கல், ஓட்டாஞ்சில்லு, உடைந்த செங்கல் எல்லாம் கிடந்த பொட்டல். அண்ணன் ஒரு சட்டம் போட்டார். மைதானத்துக்குள் வந்தவர் யாரானாலும் வெளியே போகும்போது கையில் ஒரு கல் இருக்க வேண்டும். அதைக் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குவியலில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு கல். ஆடினவன், வேடிக்கை பார்த்தவன், பிள்ளையை அழைத்துப் போக வந்த அம்மா, யாருக்கும் விலக்கு இல்லை. ஒருமுறை பள்ளியைச் சோதிக்க வந்த கல்வி அதிகாரியையே கேட்டில் நிறுத்தி, "சார், கல்லு?" என்று கையை நீட்டினார். தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அதிகாரி நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே போய்க் குனிந்தார்.

வருஷங்கள் போகப் போகக் குவியல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. மைதானத்தில் கல் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிள்ளைகள் குண்டூசி தேடுகிற மாதிரி குனிந்து தேடுவார்கள். இப்போது தாளாளராக இருக்கிறாரே, அவரும் இங்கே படித்தவர்தான். பள்ளி ஸ்தாபகர் மகன். தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு ஒரே கல்லைக் கால்சட்டைப் பையில் வைத்துத் தினமும் அதையே காட்டிவிட்டுப் போடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் போவாராம். "தம்பி, இந்தக் கல்லோட மூக்கு உடைஞ்சிருக்கே, நேத்தும் இதே மூக்கைத்தானே பாத்தேன்?" என்று அண்ணன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நானாக இருந்தால் காதைத் திருகிக் கையில் கொடுத்திருப்பேன். அன்றைக்கே திருகியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

என் மகளுக்கு மாமா என்றால் உயிர். மாமாவின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துப் பயப்படாத ஒரே குழந்தை அவள்தான். நடக்கத் தொடங்கின வயதில் ஒருநாள் அதைக் கிண்ணத்திலிருந்து எடுத்து என் பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பள்ளிக்கு நேரமாகிறது, வீடே தலைகீழாகிறது, நான் கத்துகிறேன், கடைசியில் கோட்டுப் பட்டனுக்கு நடுவிலிருந்து அது எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவள் வளர்ந்து மட்டையைப் பிடித்தாள். பிடித்தவள் சும்மா இருந்தாளா? மாமா மாதிரியே பின்வரிசையில் நின்றாள், ஷார்ட் கார்னரில் முதல் ஓட்டக்காரியாகவும் ஆனாள். "வேற இடத்துல ஆடச் சொல்லுண்ணா" என்று சண்டை போட்டேன். "இப்பல்லாம் ஷார்ட் கார்னருக்கு முகமூடி குடுக்கறாங்க. நம்ம மைதானத்துல பந்து எகிறாது. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் என் பெண்ணை அனுப்பினேன்.

இந்த வருஷம் அண்ணன் ஓய்வு பெறும் வருஷம். அவர் உருவாக்கின பெண்கள் அணி முதல் தடவையாக மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி, அங்கே நன்றாக ஆடினால் மாநில அணிக்குத் தேர்வு. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மைதானத்தில். தாளாளர் என்ன செய்தார்? சனிக்கிழமை மாலை, அதே மைதானத்தில், அண்ணனுக்குப் பாராட்டு விழா வைத்தார். சிறப்பு விருந்தினர் யார் என்று கேளுங்கள். கோட்டுக்காரர்! இப்போது அவர் சங்கத் தலைவர். "நீ போகாதே" என்றேன். "பழசு, விடும்மா" என்றார் அண்ணன்.

இரண்டு நாளாக நல்ல மழை. சனிக்கிழமை மதியம் கடையில் அண்ணனுடைய புதுச் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே பள்ளி கேட்டுக்குள் ஒரு லாரி நுழைந்தது. பின்பக்கத்தைத் தூக்கியது. ஜல்லி! கோல் கம்பத்துக்கு முன்னாலிருந்து மேடை வரைக்கும் ஜல்லி! ஊசியைக் கூட வைக்காமல் ஓடினேன்.

"நிறுத்துய்யா! யார்யா கொட்டச் சொன்னது?"

"அய்யாதாம்மா சொன்னாரு" என்று டிரைவர் கையைக் காட்டினார். தாளாளர் வாசலில் நின்று பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அநியாயம் இது? நாளைக்குக் காலையில பொண்ணுங்க ஆடணும்!"

"அக்கா, தலைவர் வண்டி சேத்துல மாட்டினா யாருக்கு அசிங்கம்? நாலு வண்டி, மேடை வரைக்கும் வரணும். விழா முடிஞ்சதும் அள்ளிடுவாங்க. இப்பவே ரோலர் விட்டு அழுத்திட்டா, மிச்சம் இருந்தாலும் தெரியவே தெரியாது."

"அழுத்தினா கல்லு மண்ணாயிடுமா? உங்களுக்குத் தெரியாதா என்ன? நீங்க பொறுக்காத கல்லா?"

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல சத்தம் போடாதீங்கக்கா" என்று திரும்பிக்கொண்டார். நல்ல காரியமாம்! என் நாக்கு நுனி வரை வந்ததை இங்கே எழுத முடியாது.

அண்ணன் மாலையில் வந்தார். நான் தைத்த சட்டை, தேய்த்த கால்சட்டை. கேட்டில் நின்று ஒரு கண்ணால் முழு மைதானத்தையும் பார்த்தார். அதற்குள் ரோலரும் ஓடியிருந்தது, வண்டிகளும் ஏறி நின்றிருந்தன. டயர் ஓடின இடமெல்லாம் ஜல்லி ஈர மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. தாளாளரிடம் போய், "வண்டிங்களை ரோட்டுக்கு எடுக்கச் சொல்லுங்க, சார்" என்றார். தன்னிடம் படித்தவரை அவர் சார் என்றுதான் கூப்பிடுவார். "விழா முடியட்டும் சார்" என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இப்போதும் அண்ணன் பிள்ளைப்பூச்சியாக நிற்கிறாரே என்று. அவர் குனிந்து ஒரு ஜல்லியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காவலாளியிடம் போய் ஏதோ வாங்கினார். என்ன என்று அப்போது தெரியவில்லை.

விழா ஆரம்பித்தது. முன்வரிசையில் அணிப் பெண்கள், என் மகள் நடுவில். கோட்டுக்காரர் எழுந்தார். தலை நரைத்திருந்தது, கோடு போட்ட கோட்டு மட்டும் புதிது. அண்ணனை வாய் நிறையப் புகழ்ந்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பாருங்க விதியை, வீட்டுக் குளியலறையில மட்டும் வழுக்கி விழாம இருந்திருந்தா இவரு எங்கேயோ போயிருப்பாரு. அதனாலதான் சொல்றேன், பிள்ளைங்களா, வாழ்க்கையில பாத்து நடக்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அண்ணனைப் பேசக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையிலிருந்து அந்த ஜல்லியை எடுத்து, கோட்டுக்காரருக்கு முன்னால் மேஜையில் வைத்தார். மைக்கில் அந்தச் சத்தம் டொக்கென்று கேட்டது.

"நான் வீட்டுல வழுக்கி விழல" என்றார். "முகாம் நடந்த மைதானத்துல வண்டி நிறுத்த ஜல்லி கொட்டினாங்க. அதை ஒழுங்கா அள்ளல. அந்தக் கல்லுல பந்து எகிறி என் கண்ணு போச்சு. வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொன்னவரு இதோ உக்காந்திருக்காரு. மத்த பசங்களுக்காகச் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கல. இன்னைக்கு என் பிள்ளைங்க மைதானத்துல, எனக்கு மரியாதை பண்றேன்னு, அதே ஜல்லியைக் கொட்டியிருக்கீங்க! உங்க மரியாதையைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

கடைசி வார்த்தையைக் கத்தினார். ஆயுசில் அவர் கத்திக் கேட்டது அன்றைக்குத்தான். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"இந்த மைதானத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. எல்லாருக்கும் தெரியும். கேட்டைப் பூட்டிட்டேன். சாவி என் தங்கச்சிகிட்ட." கீழே இறங்கி நேராக வந்து சாவியை என் கையில் வைத்தார். "கல்லு இல்லாம யாரையும் விடாதே. வண்டிங்க கடைசியாப் போகட்டும்."

அடேயப்பா, எனக்கா சொல்லித் தர வேண்டும்? கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முதலில் பிள்ளைகள் குனிந்தார்கள், அப்புறம் பெற்றோர்கள். சட்டமென்னவோ ஆளுக்கு ஒன்று, அன்றைக்கு யாரும் ஒன்றோடு நிறுத்தவில்லை. பந்தல்காரர் சட்டி கொண்டுவந்தார், லாரி டிரைவர் மண்வெட்டி கொண்டுவந்தார். தாளாளர் முகம் சுண்டிப்போய் மேடையை விட்டு இறங்கினார். யாரும் சொல்லாமலே அவரும் குனிந்தார். நான் கையை விரித்துக் காட்டச் சொன்னேன். இந்தத் தடவை புதுக் கல்தான்.

கோட்டுக்காரர் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருடைய டிரைவர் ஒரு கல்லோடு வந்து, "அய்யாவோடதும்மா" என்றார்.

"இது உன்னோடது. உங்க அய்யா கல்லை அவரையே கொண்டு வரச் சொல்லு."

"என்னம்மா, பெரிய மனுஷங்க…"

"பெரிய மனுஷனுக்குத்தான் இங்க பெரிய பாக்கி இருக்கு. போய்ச் சொல்லு."

பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவர் காரைச் சுற்றிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இறங்கினார். கோட்டோடு குனிய முடியவில்லை, கழற்றினார். அந்த ஆளைக் கோட்டில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு கல்லை எடுத்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குவியலில் போட்டார். கேட்டைத் திறந்துவிட்டேன். மனசு ஆறியதா என்று கேட்காதீர்கள். ஆறவில்லை. ஒரு கண்ணுக்கு ஒரு கல்லு ஈடாகுமா?

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. மேலே கிடந்ததைத்தான் பொறுக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் நடந்தார். உள்ளங்காலால் தடவித் தடவி, கோல் கோட்டிலிருந்து நடுக்கோடு வரை. ரோலர் அழுத்தின இடமெல்லாம் கால் விரலால் கீறினால் கல் தலையை நீட்டியது. ஒரு நாள் ஆள் வைத்துத் தோண்டினால்தான் போகும். எதிரணிப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். அம்பயர் வந்துவிட்டார். வேறு நாள் கேட்டார் அண்ணன். முடியாது, மாநிலப் போட்டிக்கு அணியின் பெயரை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றார் அம்பயர். வேறு மைதானம் பக்கத்தில் கிடையாது. மைதானம் கொடுக்க வேண்டிய அணியால் கொடுக்க முடியாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு, அதுதான் விதி என்றார். தாளாளர் ஓடிவந்து, "ஆடட்டும் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். அண்ணன் அவர் பக்கம் திரும்பக் கூட இல்லை.

"ஆட்டம் அவங்களுக்கு. எழுதிக்குங்க" என்று அம்பயரிடம் சொன்னார்.

எங்கள் பெண்கள் மட்டையும் கையுமாகக் கோட்டில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் மகள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"நீங்க யாரு மாமா அதைச் சொல்றதுக்கு? ஆடப்போறது நாங்க!"

"பந்து எகிறும்மா."

"முகமூடி போட்டுக்கறோம்!"

"ஷார்ட் கார்னருக்குத்தான் முகமூடி. மத்த நேரத்துல பந்து சொல்லிட்டா எகிறும்?"

"எகிறினா எகிறட்டும்! என் கண்ணு, என் இஷ்டம்! உங்களுக்கு நாடு கெடைச்சுது. ஆடிட்டீங்க. எங்களுக்கு இருந்ததே இது ஒண்ணுதான். அதையும் நீங்களே குடுத்துட்டீங்களே, மாமா! நேத்து மைக்கில அவ்வளவு கத்தினீங்க. யாருக்காகக் கத்தினீங்க?"

நான் குறுக்கே போனேன். "சும்மா இருடி" என்று சொல்லத்தான் போனேன். அவள் சொன்னதில் எதைப் பொய் என்பது? யாரோ காரில் வந்து இறங்குவதற்காக என் பெண்ணின் ஆட்டம் போயிற்று. அதைத் தூக்கிக் கொடுக்கிற வேலை மறுபடி என் அண்ணன் தலையில்தான் விழுந்தது. வேறு யாராவது ஓடியிருக்கக் கூடாதா?

அண்ணன் வெறுங்காலோடு கோல் கோட்டில் நின்றுகொண்டிருந்தார், அடிக்கட்டும் என்று நிற்கிற மாதிரி.

அவள் மட்டையைத் தரையில் வீசி எறிந்தாள். அழுதுகொண்டே விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கேட்டைத் தாண்ட ஓரடி இருக்கும்போது நின்றாள். திரும்பி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, மண்ணில் புதைந்திருந்த ஒரு ஜல்லியை நகத்தால் தோண்டினாள். லேசில் வரவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, நகம் பெயரத் தோண்டி எடுத்தாள். எடுத்ததைக் குவியலில் ஓங்கி எறிந்துவிட்டு வெளியே போனாள்.

மாமாவோடு அவள் இன்னும் பேசவில்லை.